பனி தந்த நிலமும் கடல் கொண்ட நகரும்

1290ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு விசாரணை நடந்தது. ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தின் தென்கரையிலுள்ள கிரிம்ஸ்பி ஊரார் மன்னர் முதலாம் எட்வர்டிடம் முறையிட்டிருந்தனர். எதிர்க்கரையில் புதிதாய் முளைத்த ஓர் ஊரின் மக்கள், கிரிம்ஸ்பிக்கு வரும் வணிகக் கப்பல்களைக் கடலிலேயே மறித்து, அச்சுறுத்தியும் ஆசை காட்டியும் தம் துறைக்கு இழுத்துச் செல்கின்றனர் என்பது வழக்கு. அவ்வூர் எப்படித் தோன்றியது என்பதையும் விசாரணை ஏடு பதிந்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், வீடென்று ஒன்றுகூட இல்லாத மணல் மேட்டில் ஒரு கப்பல் தரைதட்டியது. ஒருவன் அதன் உடைந்த உடலைத் தனதாக்கிக்கொண்டு, அதையே குடிலாக்கிக் குடியேறினான். அவ்வழியே போன மாலுமிகளுக்கு உணவும் குடிக்கப் பானமும் விற்றான். பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தனர்.

அந்த ஊரின் பெயர் ராவென்சர் ஆட். விசாரணை நடந்து ஒன்பது ஆண்டுகளில் அது மன்னரின் பட்டயம் பெற்ற நகரமாயிற்று. அதன்பின் எழுபது ஆண்டு கழிவதற்குள் அந்நகரும் இல்லை, அது நின்ற மணலும் இல்லை.

வரலாற்றுக் கட்டுரையை அரசர்களிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். ராவென்சர் ஆட்டின் கதையையோ பனிக்கட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்நகரைக் கடல் ஏன் கொண்டது என்ற வினாவுக்கு விடை, அந்நிலம் எதனால் ஆனது என்பதில் இருக்கிறது.

யார்க்சயர் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், வடக்கே ஃபிளாம்பரோ முனையின் வெண்சுண்ணப் பாறைகளுக்கும் தெற்கே ஹம்பர் முகத்துவாரத்துக்கும் இடையே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் தாழ்ந்த சமவெளிக்கு ஹோல்டர்னெஸ் என்று பெயர். நல்ல விளைநிலம், கோதுமையும் பிறவும் செழித்து விளையும். கிழக்கே வடகடல். நிலம் கடலைச் சந்திக்குமிடத்தில் மென்மையான சரிவோ அகன்ற மணற்பரப்போ இல்லை. கத்தியால் வெட்டிய அடைபோல் நிற்கும் பழுப்பு நிறக் களிமண் சுவர் உண்டு. சில இடங்களில் அது ஆளுயரத்தைச் சற்றே தாண்டும். தெற்கே டிம்லிங்டன் மேட்டில் 30 மீட்டருக்கும் மேல் உயரும். தெற்கு எல்லையில், ஹம்பரின் வாய்க்குக் குறுக்கே வளைந்த விரல்போல் நீண்டு கிடக்கிறது ஸ்பர்ன் என்னும் மணல் நாக்கு. ஐந்தரைக் கிலோமீட்டர் நீளம். குறுகிய இடத்தில் அகலம் ஐம்பது மீட்டர் அளவே.

இந்தச் சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அதற்குச் சான்று ஃபிளாம்பரோவுக்குத் தென்மேற்கே சூவர்பி என்னுமிடத்தில் கண்கூடாகக் கிடைக்கிறது. அங்கே வெண்சுண்ணப் பாறைச் சுவர் ஒன்று திடீரெனக் களிமண்ணுக்குள் புகுந்து மறைகிறது. அச்சுவர்தான் பழைய கடற்கரை. மண்ணுக்குள் புதைந்தபடியே அது டிரிஃபீல்டு, பெவர்லி ஆகிய ஊர்களின் வழியே வளைந்து ஹம்பர்க்கரை ஹெசில் வரை செல்கிறது. இன்று கடலுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பெவர்லி அன்று கடலோரம். சூவர்பியில் அப்பாறையின் அடிவாரத்தில் பழைய கடற்கரையின் கூழாங்கற்களும், அவற்றோடு நீர்யானை, காண்டாமிருகம், நேர்த்தந்த யானை ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்தன. யார்க்சயரில் நீர்யானை என்றால் நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கு முன், இரு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெம்மையான காலத்தில், அந்நாடு அவ்வாறுதான் இருந்தது.

பிறகு குளிர் திரும்பியது. ஸ்காட்லாந்து மலைகளிலும் வட இங்கிலாந்துக் குன்றுகளிலும் ஆண்டுதோறும் பெய்த பனி உருகாமல் தங்கிற்று; அடுக்கடுக்காய் இறுகிக் கட்டியாயிற்று; தன் பாரம் தாங்காமல் நகரத் தொடங்கிற்று. பனியாறு என்னும் சொல் மிகப் பொருத்தமானது. அது ஓடுகிறது, ஆனால் நாளொன்றுக்குச் சாண் கணக்கில் ஓடும் ஆறு. செல்லும் வழியில் பாறையைப் பெயர்க்கும்; பெயர்த்ததை அடியில் இட்டு அரைக்கும்; அரைத்ததைச் சுமந்து செல்லும். வடகடல் ஓரமாகத் தெற்கு நோக்கி வந்த இப்பனிப் பெருக்கு ஹோல்டர்னெஸை மூடிற்று. அது வந்த காலத்தையும் ஓரளவு கணிக்க முடிகிறது. டிம்லிங்டனில் களிமண் அடுக்குக்குக் கீழே, பனி வருவதற்குச் சற்று முன் சிறு குட்டையொன்றில் வளர்ந்த பாசியின் எச்சம் கிடைத்தது. கதிரியக்கக் கரிமக் கணிப்பு அதன் வயதை ஏறத்தாழ 21,000 ஆண்டுகள் என்று காட்டுகிறது. ஆகவே அந்தப் பாசியின் மேல் பனி ஏறியது அதற்குப் பின்னர்தான். மண்ணின் கதையில் இது நேற்றைய செய்தி.

வெம்மை மீண்டபோது பனி பின்வாங்கிற்று. சுமந்து வந்ததைப் போட்டுவிட்டுப் போயிற்று. அப்படிப் போட்டுவிட்டுப் போன குவியலே ஹோல்டர்னெஸ். மணல், சரளை, குண்டுக் கல், பாறை எல்லாம் ஒழுங்கின்றிக் கலந்த களிமண் அது. ஆற்று வண்டல் என்றால் பருமன் வாரியாகப் பிரிந்து படியும். பனி அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. இன்று அக்கரையில் நடப்பவர் களிமண் சுவரிலிருந்து உதிர்ந்த கற்களைப் பொறுக்கிப் பார்த்தால், ஒரு நாட்டின் பாறைகளெல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதைக் காணலாம். இளஞ்சிவப்புப் படிகங்கள் பதிந்த ஷாப் கருங்கல் மேற்குக் கரையை அடுத்த கம்பிரியா மலையிலிருந்து தீவின் குறுக்கே வந்தது. செவியட் குன்றுகளின் எரிமலைப் பாறை வடக்கிலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் வியப்பானது, கருஞ்சிவப்பு நிறத்தில் சாய்சதுர வடிவ வெளிர்படிகங்கள் பதிந்த ஒரு பாறை. அதன் தாய்நிலம் நார்வே நாட்டின் ஆஸ்லோ வட்டாரம். இந்த நார்வேக் கற்கள் நேரே ஹோல்டர்னெஸ் வந்தனவா, முந்தைய பனியுகம் ஒன்றில் வடகடல் தரைக்கு வந்து கிடந்து பின்னர் இங்கே அள்ளிவரப்பட்டனவா என்பதில் அறிஞர்கள் ஒரு கருத்தினராக இல்லை. எப்படியாயினும் கடல் கடந்து பனியின் முதுகில் வந்த கற்கள் அவை. நார்வேக் கல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

பனி விட்டுச் சென்ற பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயின. பெரும்பாலானவை தூர்ந்து வயலாகிவிட்டன. ஹார்ன்சீ ஏரி ஒன்று பெரிதாய் எஞ்சி, யார்க்சயரின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரி என்ற பெயரோடு இருக்கிறது. சதுப்பும் நீரோடைகளுமாய்க் கிடந்த அந்நிலத்தில் மனிதர் படகில் சென்றனர். 1836இல் விதர்ன்சீ அருகே ராஸ் என்ற ஊரில் ஓடை தூர்வாரிய தொழிலாளர்கள் மரத்தில் செதுக்கிய சிறு வீரர் உருவங்களைக் கண்டெடுத்தனர். பாம்புத் தலை கொண்ட படகொன்றில் நிற்கும் அவ்வுருவங்களுக்கு வெண்ணிறப் படிகக்கல்லால் கண் பதித்திருக்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு கழிந்தும் அக்கண்கள் விழித்தபடியே ஹல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பனி உருகிய நீர் எங்கே போயிற்று? உலகக் கடல்கள் எல்லாவற்றுக்கும் போயிற்று. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்குக் காட்டிலும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இங்கிலாந்து தீவு அன்று. வடகடலின் தென்பகுதி, மான்கள் மேய்ந்த சமவெளி. 1931இல் கொலிண்டா என்ற மீன்பிடிக் கப்பல் நார்ஃபோக் கரைக்கு அப்பால் வலையில் வாரிய புல்கரிக் கட்டிக்குள் மான்கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை ஒன்று இருந்தது. நடுக்கடலின் அடியில் வேடனின் ஈட்டி! மூழ்கிப்போன அந்நிலத்துக்கு 1998இல் பிரயோனி கோல்ஸ் என்னும் தொல்லியலறிஞர் டாகர்லாண்டு என்று பெயரிட்டார். ஏறிய நீர் எல்லாக் கடலுக்கும் பொது. நம் பாக்கு நீரிணையை நிரப்பி ஈழத்தையும் தமிழகத்தையும் பிரித்ததும் இதே உருகுநீர்தான். கடல்கோள் என்ற சொல்லைக் காலங்காலமாய்ப் போற்றிவரும் நமக்கு வடகடலின் கதை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கி ஹோல்டர்னெஸின் களிமண் விளிம்பைத் தொட்டது. அன்று தொடங்கிய அரிப்பு இன்னும் ஓயவில்லை.

அரிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடல் வந்து மோதுகிறது, கரை கரைகிறது என்று முடித்துவிடுவது பாதி உண்மையே. வடகிழக்கிலிருந்து தடையின்றி நெடுந்தொலைவு ஓடிவரும் அலைகள் குளிர்காலப் புயலில் சுவரின் அடியைத் தாக்கிக் குடைகின்றன. அதே வேளையில் மேலே மழைநீர் வயலில் இறங்கிக் களிமண்ணை ஊறவைக்கிறது. ஊறிய மண் கனக்கிறது. கோடையில் காய்ந்தபோது விழுந்த வெடிப்புகளின் வழியே நழுவுகிறது. ஒரு நாள் வேலியோடும் பயிரோடும் ஒரு துண்டு வயல் அப்படியே வளைந்து சறுக்கிக் கரையில் அமர்கிறது. அமர்ந்த மண் சில நாள் சுவருக்குக் காவலாக நிற்கும். அலை அதை வாரிச் சென்றதும் சுவர் மீண்டும் வெறுமையாகும். கரையில் மணல் தடிப்பாகக் கிடந்தால் அலையின் வேகம் தணியும். ஆனால் இக்களிமண்ணில் மணலும் சரளையும் குறைவு, பெரும்பகுதி நுண்துகள். நுண்துகள் நீரில் கலங்கி நெடுந்தொலைவு போய்விடும். தன்னைக் காத்துக்கொள்ளப் போதிய மணலைத் தானே தர இயலாத நிலம் அது. பாறையை அவ்வளவு நுண்மையாய் அரைத்த பனியின் குறை என்றும் இதைச் சொல்லலாம்.

ஆண்டுக்குச் சராசரி ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை. ஐரோப்பாவில் மிக விரைந்து தேயும் கரைகளில் இதுவும் ஒன்று. சராசரி என்ற சொல்லும் ஏமாற்றுவது. பல ஆண்டுகள் ஒன்றும் நடவாமலிருந்து, ஒரே இரவில் பத்து மீட்டர் போன இடங்கள் உண்டு. 1829இல் யார்க்சயர் நிலவியல் நூலை வெளியிட்ட ஜான் ஃபிலிப்ஸ் காலத்திலிருந்து இத்தேய்வைக் கற்றோர் கணக்கிட்டு வருகின்றனர். 1951 முதல் உள்ளூராட்சியினர் கரை நெடுகக் கம்பங்கள் நட்டு அளந்தனர். கரை தேயத் தேயக் கம்பங்களும் உள்ளே இடம்பெயர்ந்தன. உரோமர் காலத்திலிருந்து இன்றுவரை ஐந்து கிலோமீட்டர் அகல நிலம் போயிருக்கும் என்பது மதிப்பீடு. ஏறத்தாழ முப்பது ஊர்கள் அதில் அடக்கம். ஹல் அருங்காட்சியகக் காப்பாளராயிருந்த தாமஸ் ஷெப்பர்டு 1912இல் இவ்வூர்களுக்கெனவே ஒரு நூல் எழுதினார். கிளீட்டன், ஹார்ட்பர்ன், மங்க்வெல், ஹார்ன்சீ பெக், டிம்லிங்டன், டர்மார் என்று நீளும் அப்பெயர்களில் சில 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கிலேயே இடம்பெற்றவை. வரி கட்டிய ஊர்கள். ஏரும் எருதும் எண்ணப்பட்ட ஊர்கள்.

ஊர் போவதிலும் கொடியது இடுகாடு போவது. அவ்தோர்ன் என்ற ஊரின் கோயில் 1816இல் சரிந்து கடலில் விழுந்தது. கோயிலைச் சுற்றிப் புதைக்கப்பட்டிருந்தோரின் பெட்டிகளும் எலும்புகளும் கரையில் சிதறின. வாழ்ந்திருப்பவர் தம் தந்தையையும் பாட்டனையும் மணலில் பொறுக்கி எடுத்து வேறிடத்தில் புதைக்க நேர்ந்தது. கில்ன்சீயின் கோயில் 1826இல் பாதி போயிற்று. கோபுரம் மட்டும் ஐந்தாண்டு விளிம்பில் நின்று 1831இல் விழுந்தது.

போன மண் முற்றும் வீணாவதில்லை. நுண்துகளின் ஒரு பகுதி ஹம்பருக்குள் புகுந்து அதன் வடகரையில் படிகிறது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வாறு ஆற்றின் நடுவே தலைகாட்டிய ஒரு மண்மேட்டுக்கு அணைகட்டி விளைநிலமாக்கினர். முழுகிய தீவு என்று பொருள்படும் பெயர் கொண்ட அவ்விடம் இன்று தீவுமன்று, முழுகியதுமன்று. கரையோடு ஒட்டிய வளமான வயல். கிழக்கே ஒரு உழவன் இழந்த நிலத்தை மேற்கே மற்றொருவன் உழுகிறான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கிழக்கே இழந்தவனுக்கு ஆறுதலாயிராது. மணலும் சரளையுமோ அலையின் போக்கில் தெற்கே நகர்ந்து ஸ்பர்ன் என்ற நாக்கை வளர்க்கின்றன. வடக்கே ஊர்கள் அழிவதனால்தான் தெற்கே ஸ்பர்ன் உண்டாகிறது. ராவென்சர் ஆட் நின்றது இத்தகைய மணலின்மேல்.

இப்பொழுது அந்நகருக்குத் திரும்புவோம். பெயர் ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இட்டது. காக்கையின் மணல்நாக்கு என்பது முதற்பகுதியின் பொருள், முனை என்பது இரண்டாவதன் பொருள். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் புதிதாய் ஒதுக்கிய மணலில் ஊர் எழுந்தது. ஹோல்டர்னெஸ் பிரபுவின் ஆதரவும் இருந்தது. 1251இல் சந்தை கூட்டும் உரிமை கிடைத்தது. வடகடல் மத்தி மீனும், பால்டிக் கடல் வணிகமும், ஹம்பருக்குள் நுழையும் கப்பல்களை முதலில் சந்திக்கும் இட வாய்ப்பும் ஊரைச் செல்வமாக்கின. 1299 ஏப்ரல் முதல் நாள் முதலாம் எட்வர்டு அதற்கு நகர்ப் பட்டயம் வழங்கினார். அதே நாளில் மற்றொரு ஊரும் பட்டயம் பெற்றது. ஹம்பருக்குள்ளே சற்றுத் தொலைவில், மியூஸ் மடத்துத் துறவியரிடமிருந்து 1293இல் மன்னர் வாங்கித் தம் பெயரிட்ட கிங்ஸ்டன், அதாவது இன்றைய ஹல். ராவென்சர் ஆட் தன் பட்டயத்துக்குச் செலுத்தியது 300 பவுண்டு. ஹல் செலுத்தியது 100 மார்க், ஏறத்தாழ 67 பவுண்டு. எது பெரிய ஊர், எதற்கு எதிர்காலம் உண்டு என்று அன்றைய உலகம் கருதியது என்பதற்கு இவ்விரு தொகைகளே சான்று. மணல்நகரம் நாடாளுமன்றத்துக்கும் உறுப்பினரை அனுப்பிற்று.

ஆனால் சிலர் முன்னரே காற்றின் திசையை அறிந்தனர். ராவென்சர் ஆட்டில் வணிகம் செய்த டி லா போல் சகோதரர்கள் ஹல்லுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் வில்லியம் 1332இல் ஹல் நகரின் முதல் மேயரானார். மூன்றாம் எட்வர்டின் போர்களுக்குக் கடன் கொடுக்குமளவு உயர்ந்தார். தங்கியவர்களின் கதை வேறு. 1340களில் ஊரார் வரிக்குறைப்புக் கேட்டு மன்னரிடம் விண்ணப்பித்தனர். வீடுகள் போய்க்கொண்டிருந்தன, எஞ்சியோர் தலையில் முழு வரியும் விழுந்தது. நிலம் போனபின்னும் நிலவரி நிற்காது என்பது எந்நாட்டு உழவனும் அறிந்ததே.

நகரின் இறுதி நாட்களை எழுதிவைத்தவர் மியூஸ் மடத்தின் தலைவராயிருந்த தாமஸ் பர்ட்டன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தம் மடத்தின் வரலாற்றை இலத்தீனில் எழுதினார். மடத்துக்கு அவ்வட்டாரத்தில் நிலங்கள் இருந்தன. ஆகவே நட்டக் கணக்கு பார்ப்பவரின் கூர்மையும் அவர் எழுத்தில் உண்டு. நகருக்குச் செல்லும் பாதையை அவர் வருணிப்பது மறக்கவொண்ணாதது. கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் கடலுக்குள் நீண்டு சென்றது அப்பாதை. உருண்டையான மஞ்சள் நிறக் கற்கள் பரவிய மணல்வழி. அம்பெய்யும் தொலைவுகூட அகலமில்லை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஹம்பரும் மோத நடுவே நின்றது. நிலவியலார் இவ்வருணனையைப் படித்தால் இன்றைய ஸ்பர்னையே கண்முன் காண்பர். வெள்ளம் மீண்டும் மீண்டும் ஏறிற்று. ஊர்க்கோயிலின் அடித்தளம் அரிபட்டு, புதைத்த உடல்கள் காண்போர் நடுங்கும்படி வெளிப்பட்டன. அவற்றை ஈசிங்டன் கோயில் இடுகாட்டுக்குக் கொண்டுசென்று மறுபடி புதைத்தனர். மக்கள் பொருளை எடுத்துக்கொண்டு ஹல்லுக்கும் கிரிம்ஸ்பிக்கும் பிற ஊர்களுக்கும் சிதறினர். முன்பு வழக்காடிய கிரிம்ஸ்பியின் பேரர்கள் அவர்களை எப்படி வரவேற்றனரோ, ஏடு சொல்லவில்லை. 1362 சனவரி நடுவில் வடகடலைக் கலக்கிய புயல்வெள்ளம் ஜெர்மனி, நெதர்லாந்துக் கரைகளில் பல்லாயிரவரைக் கொன்றது. மாந்தரை மூழ்கடித்த பெருவெள்ளம் என்று அம்மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அதற்குப்பின் ராவென்சர் ஆட் இல்லை.

நகர் ஏன் அழிந்தது என்பதற்குப் பர்ட்டன் தரும் காரணம் தெளிவானது: அவ்வூரார் கடலில் செய்த கொள்ளையும் தீச்செயலும் இறைவனின் சினத்தை வரவழைத்தன. நாம் இதைக் கேட்டு முறுவலிக்க வேண்டியதில்லை. இந்திரவிழா எடுக்க மறந்தமையால் புகார் நகரைக் கடல்கொண்டது என்று மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. அழிவுக்கு ஓர் அறக்காரணம் தேடுவது மனித இயல்பு. காரணமற்ற அழிவைத் தாங்குவது கடினம். ஆயினும் பர்ட்டனோடு நான் உடன்பட இயலாத இடம் ஒன்றுண்டு. தீச்செயல் ஏதும் செய்யாத கிளீட்டனும் ஹார்ட்பர்னும் அதே கடலில்தான் போயின. கோதுமை விதைத்துக் கோயிலுக்குப் பங்களித்த அவ்வூரார்மேல் எந்தத் துறவியும் பழி சுமத்தவில்லை. அவர்கள் அழிவை யாரும் விரிவாக எழுதவுமில்லை. பாவிகள் என்று பெயரெடுத்தமையால்தான் ராவென்சர் ஆட்டின் வரலாறு நமக்குக் கிடைத்தது.

நகர் போன இடத்தருகே ஸ்பர்ன் மீண்டும் வளர்ந்தது. ராவென்ஸ்பர்ன் என்ற பெயர் அம்முனைக்கு நின்றது. 1399இல் நாடுகடத்தப்பட்டிருந்த ஹென்றி போலிங்புரோக் அங்கேதான் கரையிறங்கி, சில மாதங்களில் நான்காம் ஹென்றியாக முடிசூடினார். அவர் இறங்கியபோது அவ்வெறும் மணலில் மேத்யூ டான்தோர்ப் என்ற துறவி அனுமதியின்றி ஒரு சிறு கோயில் கட்டிக்கொண்டிருந்தார். மன்னரானதும் ஹென்றி அக்குற்றத்தை மன்னித்தார். அடுத்த தலைமுறையில் ரெட்பரோ என்னும் மற்றொரு துறவி, கப்பல்கள் உடைவதைக் காணப் பொறாமல் விளக்குக் கோபுரம் கட்டுவதற்குச் சுங்கம் தண்ட அனுமதி கேட்டார். 1471இல் நான்காம் எட்வர்டும் இழந்த முடியை மீட்க அங்கேயே இறங்கினார். ஷேக்ஸ்பியர் தம் வரலாற்று நாடகங்களில் இத்துறையின் பெயரைச் சொல்கிறார். அவர் எழுதிய காலத்தில் அப்பெயருக்குரிய மண் கடலுக்கடியில் இருந்தது. 2022இல் ஹல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவி கொண்டு கடலடியில் ராவென்சர் ஆட்டின் சுவடுகளைத் தேடலாயினர்.

ஸ்பர்ன் ஏறத்தாழ 250 ஆண்டுக்கொருமுறை உடைந்து மீண்டும் வளர்கிறது என்று ஜார்ஜ் டி போயர் 1964இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். பின்வந்தோர் பலர் அவ்வளவு ஒழுங்கான சுழற்சியை ஏற்கவில்லை. 1849இல் ஒரு பெரும்புயல் அதன் கழுத்தை உடைத்தது. சுண்ணப்பாறை கொட்டி அடைத்தனர். 2013 டிசம்பர் 5ஆம் நாள் எழுந்த கடல்வெள்ளம் அதே கழுத்தில் சாலையை வாரிக்கொண்டு போயிற்று. இம்முறை சாலையைத் திரும்பப் போடவில்லை. உயர் ஓதம் வரும் நாட்களில் ஸ்பர்ன் சில மணி நேரம் தீவாகிறது.

ஹோல்டர்னெஸ் கரையில் மேப்பிள்டன் என்று ஒரு சிற்றூர். 1980களின் இறுதியில் கடல் அதன் நெடுஞ்சாலைக்கு மிக அருகே வந்துவிட்டது. சாலை போனால் கரையோர ஊர்களின் போக்குவரத்து அறுபடும். ஆகவே 1991இல் ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டு செலவில் கடலுக்குள் இரு பாறைத் தடுப்புகளும், சுவரடியில் பாறை அரணும் அமைத்தனர். பாறைகள் எங்கிருந்து வந்தன என்று வாசகர்கள் ஊகித்திருக்கலாம். உள்ளூர்க் களிமண்ணில் அலையைத் தாங்கும் பாறை இல்லை. நார்வேயிலிருந்து கருங்கல்லைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தனர். பனி ஒருமுறை கூலியின்றிச் சுமந்து வந்ததை மனிதர் விலை கொடுத்து மறுமுறை கொண்டுவந்தனர்.

திட்டம் வென்றது. தடுப்புகளுக்கு இடையே மணல் சேர்ந்தது; மேப்பிள்டன் தப்பியது. ஆனால் அங்கே சேர்ந்த மணல் தெற்கே போக வேண்டிய மணல். தடுப்புகளுக்குத் தெற்கேயுள்ள கவ்டன் பகுதியில் கரை மெலிந்து அரிப்பு விரைவுபட்டது. தலைமுறைகளாய்ப் பயிரிட்ட பண்ணையொன்றின் நிலமும் கொட்டகைகளும் வீடும் சில ஆண்டுகளில் போயின. ஒரூரைக் காக்கும் கல்லே அடுத்த ஊரைத் தின்னும் என்பதை ஊரார் அறிந்தனர், அதிகாரிகளும் அறிந்தனர். இழந்தவருக்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கடலரிப்பால் போகும் வீட்டுக்கு அரசு விலை தருவதில்லை என்பது அந்நாட்டு நடைமுறை. வீட்டை இடிக்கும் செலவுக்கு ஒரு சிறு உதவி உண்டு, அவ்வளவே.

கரை முழுவதையும் கல்லால் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. அடைத்தால் களிமண் கரையாது. கரையாவிட்டால் மணல் இல்லை. மணல் இல்லாவிட்டால் ஸ்பர்ன் மெலியும். ஸ்பர்ன் போனால் அதன் மறைவிலிருக்கும் ஹம்பர்க் கரைத் தாழ்நிலங்கள் புயலுக்கு நேர்முகமாகும். எனவே பிரிட்லிங்டன், ஹார்ன்சீ, மேப்பிள்டன், விதர்ன்சீ, ஈசிங்டனிலுள்ள எரிவாயு நிலையம் ஆகியவற்றைக் காத்து, மற்றக் கரையைக் கடலுக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கின்றனர். நிலவியல் நோக்கில் இது அறிவுடைய முடிவு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் எரிவாயு நிலையம் இருக்கிறது, கவ்டன் பண்ணை இல்லை என்பதைப் பார்க்கும்போது, பட்டியல் எழுதிய கை பனியின் கை அன்று என்பதையும் மறக்க முடியவில்லை.

ஸ்பர்னுக்குப் போகும் வழியில் கில்ன்சீயில் நீலமணி என்று பொருள்படும் பெயருடைய பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்னர் அது மதுச்சாலை. அதைக் கட்டியவர்கள் சுவரில் ஒரு கல் பதித்தனர். கட்டிய ஆண்டு 1847 என்றும், கடலிலிருந்து தொலைவு 534 கஜம் என்றும் அதில் பொறித்திருக்கிறது. 1994இல் கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள் மறுபடி அளந்து பார்த்தனர். 190 கஜம் இருந்தது.